காற்றுப் பையின் நடுவே காற்றுக்கு ஏங்கும் கட்டி

கிணற்றடியிலேயே நிற்கும் ஒரு செடி நீரின்றி வாடுமானால் காண்போர் வியப்படைவர் அல்லவா? நம் உடலில் காற்று வந்து நிறையும் உறுப்பு நுரையீரல். ஆனால் அதே நுரையீரலில் தோன்றும் புற்றுநோய்க் கட்டியின் உட்பகுதி காற்றுக்கு ஏங்கித் தவிக்கிறது. விந்தையாகத் தோன்றினும் இது மெய்.

மூச்சின்றித் தவிக்கும் கட்டி தானே மடிந்துவிடும், அதனால் நோயாளிக்கு நன்மைதானே என்று நாம் எண்ணலாம். நடப்பது நேர்மாறானது. காற்றுக் குறைவு கட்டியை முரடாக்குகிறது. மருந்துக்கும் கதிருக்கும் அடங்காததாகச் செய்கிறது. இது எவ்வாறு நிகழ்கிறது, இதை அறிவதால் நமக்கும் நம் இல்லத்தாருக்கும் என்ன பயன் என்பதை இக்கட்டுரையில் காண்போம். 2022-ஆம் ஆண்டு மட்டும் உலகில் சுமார் 24.8 இலட்சம் பேருக்கு நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 18 இலட்சம் பேர் அதனால் இறந்தனர். புற்றுநோய்களுள் மிகுதியான உயிர்களைக் கொள்வது இதுவே. ஆகவே இது நாம் அறிந்திருக்க வேண்டிய பாடம்.

பிராணவாயு செல்லும் பாதை

மண்ணால் ஆன மனிதனுக்குள் இறைவன் தம் மூச்சை ஊதியபோதே அவன் உயிருள்ளவன் ஆனான் என்று விவிலியத்தின் தொடக்க நூல் நமக்குக் கற்பிக்கிறது. அந்த மூச்சின் வழியை அறிவியல் கண் கொண்டு நோக்குவோம்.

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு, அதாவது ஆக்ஸிஜன். வாயுக்களின் அளவை அவை தரும் அழுத்தத்தால் கணக்கிடுவது வழக்கம். கடல் மட்டத்தில் காற்றிலுள்ள பிராணவாயுவின் அழுத்தம் பாதரச அளவில் சுமார் 160 மில்லிமீட்டர். நுரையீரலில் உள்ள 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகளை அடையும்போது அது 100 ஆகக் குறைகிறது. அங்கிருந்து இரத்தத்தில் கலந்து, சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு உடலெங்கும் பயணம் செய்கிறது. திசுக்களைக் கடந்து திரும்பி வரும் இரத்தத்தில் இந்த அளவு சுமார் 40 மட்டுமே. இடைப்பட்ட அளவை நம் உயிரணுக்கள் உண்டுவிட்டன என்பது பொருள்.

இங்கே ஒரு செய்தியை நாம் மனத்தில் நிறுத்த வேண்டும். இரத்த நாளத்தின் முனையில் உள்ள மிக மெல்லிய தந்துகி வரையில் பிராணவாயுவை இரத்தம் சுமந்து செல்கிறது. அதற்கு அப்பால் சுமப்பார் எவரும் இலர். தந்துகியின் சுவரிலிருந்து அது தானாகவே பரவி உயிரணுக்களை அடைய வேண்டும். அவ்வாறு பரவும் வழியில் ஒவ்வோர் உயிரணுவும் தன் பங்கை எடுத்துக்கொள்வதால், சிறிது தொலைவிலேயே அது தீர்ந்து போகிறது. வாய்க்காலில் நீர் வரும்போது தலைமடை வயல்கள் நிறைகின்றன. கடைமடை வயல்கள் காய்கின்றன. உடலிலும் இதே நிலைதான். இதனால்தான் இறைவன் படைப்பில் நல்ல திசுக்களில் எந்த உயிரணுவும் தந்துகியைவிட்டு வெகு தொலைவில் இராதபடி நாளங்கள் நெருக்கமாகப் பின்னப்பட்டுள்ளன.

1955-இல் கண்ட உண்மை

புற்றுநோய்க் கட்டிக்குள் கடைமடை உண்டு என்று முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் இங்கிலாந்து நாட்டு அறிஞர்களான தாம்லின்சனும் கிரேயும் ஆவர். அவர்கள் அதைக் கண்டது நுரையீரல் புற்றுநோயில்தான்.

நோயாளிகளின் நுரையீரல் கட்டிகளை மெல்லிய சீவல்களாக அரிந்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். புற்றணுக்கள் தூண்கள் போலத் திரண்டு நின்றன. அத்தூண்களைச் சுற்றிலும் இரத்த நாளங்கள் இருந்தன. உள்ளே நாளம் இல்லை. மெல்லிய தூண்களில் எல்லா அணுக்களும் உயிரோடு இருந்தன. பருத்த தூண்களிலோ நடுப்பகுதி செத்துக் கிடந்தது. அவர்கள் அளந்து பார்த்தார்கள். ஆரம் 160 மைக்ரானுக்குக் குறைந்த எந்தத் தூணிலும் செத்த நடுப்பகுதி இல்லை. 200 மைக்ரானைத் தாண்டிய ஒவ்வொரு தூணிலும் அது இருந்தது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செத்த பகுதி எவ்வளவு பெரிதானாலும், அதைச் சுற்றி உயிருடன் நின்ற விளிம்பின் தடிப்பு 180 மைக்ரானைத் தாண்டவில்லை.

பிராணவாயு திசுவில் எவ்வளவு தூரம் பரவ முடியும் என்று கிரே கணக்கிட்டார். சுமார் 150 மைக்ரான் என விடை வந்தது. கண்ணால் கண்டதும் கணக்கில் வந்ததும் ஏறத்தாழ ஒத்துப் போயின! அந்தத் தூரம் நம் தலைமுடி இரண்டை அருகருகே வைத்தால் வரும் அகலமே. பிற்கால ஆய்வாளர்கள் அது இன்னும் குறைவாகவே இருக்கும் என்று காட்டியுள்ளனர்.

இதில் முக்கியமானது செத்த நடுப்பகுதி அன்று. செத்தவை தீங்கு செய்யா. உயிருள்ள விளிம்புக்கும் செத்த நடுப்பகுதிக்கும் இடையே, சாகவும் இல்லாமல் செழிக்கவும் இல்லாமல், குற்றுயிராய்ப் பிழைத்திருக்கும் சில அடுக்கு அணுக்கள்தாம் நாம் அஞ்ச வேண்டியவை.

2006-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், அறுவைச் சிகிச்சைக்கு வந்த 20 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் மெல்லிய மின்முனையைச் செலுத்தி நேரடியாகவே அளந்தனர். நல்ல நுரையீரல் திசுவில் பிராணவாயுவின் நடு அளவு சுமார் 43 மில்லிமீட்டர். கட்டிக்குள் சுமார் 17 மட்டுமே.

கட்டிக்குள் ஏன் இந்தப் பஞ்சம்?

முதற் காரணம், புற்றணுக்களின் அடங்காத பெருக்கம். நாளங்கள் வளரும் வேகத்தைவிட அணுக்கள் பெருகும் வேகம் அதிகம். தெருவும் வடிகாலும் போடுமுன்னே வீடுகள் நெருங்கிவிட்ட ஊரைப் போன்ற நிலை இது.

இரண்டாவது காரணம், கட்டிக்குள் உண்டாகும் நாளங்கள் ஒழுங்கற்றவை. அவை கோணலாகவும், கசிவுள்ளதாகவும், சில இடங்களில் முட்டுச் சந்தாகவும் அமைகின்றன. சில நாளங்கள் சற்று நேரம் அடைபட்டுப் பின் திறந்துகொள்கின்றன. அப்போது நாளத்தை ஒட்டியுள்ள அணுக்களும் சிறிது நேரம் திணறுகின்றன. இவ்வாறு வந்து போகும் பஞ்சம் ஒன்று உண்டு என்று 1979-இல் மார்ட்டின் பிரௌன் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். ஆகவே கட்டிக்குள் நிலையான பஞ்சமும் உண்டு. நேரத்துக்கு நேரம் மாறும் பஞ்சமும் உண்டு.

மூன்றாவது காரணம் இரத்தசோகை. சிவப்பணுக்கள் குறைந்தால் சுமப்பாரும் குறைவர் அன்றோ?

அணுவுக்குள் ஒலிக்கும் அபாய மணி

பிராணவாயு குறைந்ததை ஓர் அணு எப்படி அறிகிறது? இவ்வினாவுக்கு விடை கண்டமைக்காக 2019-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது.

இக்கதையில் தலைமைப் பாத்திரம் ஒரு புரதம். ஹைபாக்ஸியா என்றால் பிராணவாயுக் குறைவு. அந்நிலையில் வேலை செய்யத் தொடங்குவதால் இப்புரதத்தை 'ஹிஃப்' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். எல்லா அணுக்களும் இதை ஓயாது செய்துகொண்டே இருக்கின்றன. ஆனால் பிராணவாயு நிறைவாக உள்ளபோது, ஒரு நொதி அந்தப் பிராணவாயுவைக் கொண்டே ஹிஃப் மீது ஒரு சிறு குறியை இடுகிறது. குறியிடப்பட்ட ஹிஃப் சில நிமிடங்களிலேயே சிதைக்கப்பட்டுவிடுகிறது. ஒரு கை எழுதுகிறது. மறு கை அழிக்கிறது.

பிராணவாயு குறைந்தால் குறியிடும் வேலை நின்றுவிடுகிறது. அழிப்பவர் இல்லாமல் ஹிஃப் சேர்கிறது. அணுவின் உட்கருவினுள் புகுந்து, தன் துணைப் புரதத்தோடு இணைந்து, நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது.

இது நம்மைக் காப்பதற்காக இறைவன் அமைத்த ஏற்பாடு. இமயத்தின் உயரமான ஊர்களில் சென்று தங்குவோருக்குச் சில வாரங்களில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. சிறுநீரகத்தில் ஹிஃப் எழுந்து, எரித்ரோபொயட்டின் என்னும் இயக்குநீரைச் சுரக்கச் செய்வதே அதற்குக் காரணம். தாயின் வயிற்றில் குழந்தை வளர்வதற்கும் புண் ஆறுவதற்கும் இதே ஏற்பாடு துணை நிற்கிறது. வீட்டைக் காக்க வைத்த சாவி கள்வன் கையில் சிக்கினால் என்ன ஆகும்? புற்றுக் கட்டியில் நடப்பது அதுவே.

பஞ்சம் கட்டிக்குக் கற்றுத்தரும் ஐந்து தீய பாடங்கள்

முதலாவது, புது நாளங்களை வரவழைத்தல். ஹிஃப் எழுப்பும் மரபணுக்களுள் ஒன்று, நாளங்களை வளரச் செய்யும் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அக்கம்பக்கத்து நாளங்கள் கிளைவிட்டுக் கட்டியை நோக்கி வளர்கின்றன. கட்டிக்கு உணவும் கிடைக்கிறது. வெளியேறிச் செல்ல வழியும் கிடைக்கிறது.

இரண்டாவது, பிராணவாயு இன்றியே சர்க்கரையை எரித்தல். விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓடி முடித்தவுடன் நம் கால்தசைகளில் லாக்டிக் அமிலம் மிகுந்திருக்கும். காற்று போதாத வேளையில் தசை சர்க்கரையை அரைகுறையாகப் பயன்படுத்துவதன் விளைவு அது. நாம் சிறிது இளைப்பாறினால் அது நீங்கிவிடும். கட்டியோ ஓயாமல் இவ்வாறே வாழப் பழகிக்கொள்கிறது. இதனால் கட்டியின் சுற்றுப்புறம் புளித்து, அமிலத் தன்மை அடைகிறது.

மூன்றாவது, இடம் பெயர்தல். பஞ்சம் வந்த ஊரை மக்கள் விட்டுப் போவது போல, திணறும் அணுக்கள் தம்மைப் பிணைத்திருக்கும் கட்டுகளைத் தளர்த்திக்கொண்டு வெளியேறக் கற்கின்றன. நுரையீரல் புற்று மூளைக்கும், எலும்புக்கும், கல்லீரலுக்கும் பரவுவது நாம் அறிந்ததே. அப்பரவுதலுக்கு இக்குறைவு துணை செய்கிறது.

நான்காவது, காவலரை முடக்குதல். நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் ஒரு வகை, புற்றணுக்களை இனங்கண்டு கொல்ல வல்லது. காற்றில்லாத, அமிலம் மிகுந்த கட்டிக்குள் இக்காவலர்கள் வலுவிழக்கிறார்கள். மேலும் கட்டி தன் புறத்தில் சில புரதங்களைக் காட்டி, அவர்களை வேலை செய்யாதபடி தடுத்தும்விடுகிறது.

ஐந்தாவது, முரடர்களைத் தேர்ந்தெடுத்தல். கேடுற்ற அணுவைத் தானே மடியச் செய்யும் 'பி53' என்னும் காவல் மரபணு நமக்கு உண்டு. காற்றுக் குறைவில் அது வேலை செய்யும் அணுக்கள் மடிகின்றன. அதை இழந்த அணுக்களோ பிழைத்துப் பெருகுகின்றன. 1996-இல் எலிகளில் செய்த ஆய்வு இதைக் காட்டியது. நல்லவை அழியத் தீயவை எஞ்சும் சல்லடையாகிறது கட்டி.

கதிர் ஏன் தோற்கிறது?

நுரையீரல் புற்றுக்கு அறுவை, மருந்து, கதிர்வீச்சு எனப் பல சிகிச்சைகள் உண்டு. இவற்றுள் கதிர்வீச்சைக் காற்றுக் குறைவு பெரிதும் தடுக்கிறது.

1909-ஆம் ஆண்டிலேயே ஷ்வார்ஸ் என்னும் மருத்துவர், ரேடியம் வைக்கும் கருவியைத் தோலின் மீது அழுத்தி வைத்தால் தோல் அவ்வளவாகப் புண்படுவதில்லை என்று கண்டார். அழுத்தியதால் அங்கே இரத்த ஓட்டம் குறைந்தது; பிராணவாயுவும் குறைந்தது; கதிரின் வலிமையும் குறைந்தது. காரணம் பின்னாளில் விளங்கிற்று. கதிரானது அணுவின் மரபுப் பொருளில் முறிவுகளை உண்டாக்குகிறது. பிராணவாயு அருகில் இருந்தால் அம்முறிவோடு சேர்ந்து அதைத் திருத்த முடியாததாக்கிவிடுகிறது. அது இல்லையேல் அணு தன் முறிவைச் சரிசெய்துகொள்கிறது. காற்றுள்ள அணுவைக் கொல்லப் போதுமான கதிரைப் போல 2.5 முதல் 3 மடங்கு வேண்டும், காற்றற்ற அணுவைக் கொல்வதற்கு.

அப்படியானால் கதிரை ஒரே நாளில் மூன்று மடங்காகக் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். அவ்வாறு செய்தால் சுற்றியுள்ள நல்ல திசு தாங்காது. ஆகவே மருத்துவர்கள் பகுதி பகுதியாகக் கொடுக்கிறார்கள். பரவிய நிலையை எட்டாத, ஆனால் அறுத்தெடுக்க இயலாத நுரையீரல் கட்டிக்கு வாரம் 5 நாள் வீதம் 6 வாரங்களில் 30 தவணைகளாக, மொத்தம் 60 கிரே அளவு கொடுப்பது நெடுநாளைய முறை. கதிரின் அளவுக்குக் 'கிரே' என்ற பெயர் 1975-இல் சூட்டப்பட்டது. தூண்களை அளந்த அதே கிரேயின் நினைவாகத்தான்! 1905-இல் பிறந்து 1965-இல் மறைந்த அப்பெருமகனின் பெயர் இன்று கதிர்ச் சிகிச்சை பெறும் ஒவ்வொரு நோயாளியின் குறிப்பேட்டிலும் எழுதப்படுகிறது.

தவணையாகக் கொடுப்பதில் ஒரு நுட்பம் உள்ளது. முதல் தவணையில் நாளத்தை ஒட்டியுள்ள, காற்றுள்ள அணுக்கள் மடிகின்றன. தலைமடையில் நீர் குடிப்பார் குறைந்ததும், கடைமடைக்கு நீர் எட்டுகிறது. உள்ளே திணறிக் கிடந்த அணுக்கள் மூச்சு விடத் தொடங்குகின்றன. மூச்சு விட்டதும் அவையும் அடுத்த தவணையின் கதிருக்கு இரையாகின்றன. ஒவ்வொரு தவணையும் அடுத்ததற்கு வழி திறந்துவிடுகிறது.

ஆகவே, "பத்து நாள் ஆயிற்று, இருமல் குறைந்துவிட்டது, இனி எதற்கு இந்த அலைச்சல்?" என்று சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது பெருந்தவறு. வெளிச்சுவர் இடிந்திருக்கிறது; உள்ளறை இன்னும் நிற்கிறது என்பதை மறக்கலாகாது. வண்டிச் செலவுக்கும் துணைக்கு ஆளுக்கும் குடும்பங்கள் படும் பாட்டை நாம் அறியாதவர்கள் அல்லோம். அதனால்தான் சுற்றத்தாரின் உதவி இங்கே மருந்துக்குச் சமமாகிறது.

மருந்துகளுக்கும் இதே இடையூறு உண்டு. இரத்தம் எட்டாத இடத்தை மருந்தும் எளிதில் எட்டாது. மேலும் பல மருந்துகள் விரைந்து பெருகும் அணுக்களையே தாக்கும். காற்றின்றி முடங்கிக் கிடக்கும் அணுக்கள் தப்பிவிடுகின்றன.

நோயின் போக்கை முன்னறிதல்

ஒரு நோயாளியின் கட்டியில் காற்றுக் குறைவு எவ்வளவு என்று அறிந்தால் நோயின் போக்கை முன்கூட்டிச் சொல்ல முடியுமா? ஓரளவு முடியும்.

அறுத்தெடுத்த கட்டியின் சீவலில் ஹிஃப் புரதத்தையும், அது எழுப்பும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 9 என்னும் நொதியையும் சாயமிட்டுக் காணலாம். 2000-க்குப் பின் வந்த பல ஆய்வுகளில், இவை மிகுந்திருந்த நோயாளிகள் சராசரியாகக் குறைந்த காலமே வாழ்ந்தனர். எல்லா ஆய்வுகளும் ஒரே அளவில் இதைச் சொல்லவில்லை. உடலை அறுக்காமலே அறியவும் வழி உண்டு: காற்றுக் குறைந்த அணுக்களில் மட்டும் தங்கும் ஒரு பொருளை ஊசி வழியே செலுத்தி, பெட் ஸ்கேன் கருவியால் படம் எடுக்கிறார்கள். இது இன்னும் பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

ஆனால் இவை எல்லாம் கூட்டத்தைப் பற்றிய கணக்குகள். தனி ஒருவரின் தலைவிதி அல்ல. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது, எந்த வகையைச் சேர்ந்தது, நோயாளியின் உடல்வலிமை என்ன என்பவையே இன்றும் முதன்மையானவை. சிறு கட்டியாக இருக்கும்போதே கண்டறிந்து அறுத்தெடுத்தால், உள்ளே காற்று இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கட்டியே போய்விடுகிறதே!

வெற்றியும் தோல்வியும்

இக்குறைவை வெல்ல அறிஞர்கள் எழுபது ஆண்டுகளாக முயன்று வருகிறார்கள்.

1955 அளவில் லண்டனில், நோயாளியை அழுத்தமான பிராணவாயு நிரம்பிய கலத்துக்குள் கிடத்திக் கதிர் கொடுத்துப் பார்த்தார்கள். சில வகைப் புற்றுகளில் பயன் தெரிந்தது; எனினும் முறை கடினமானதால் பரவவில்லை. டென்மார்க் நாட்டில் நிமோரசோல் என்னும் மருந்தைப் பிராணவாயுவுக்குப் பதிலாகச் செயல்படும்படி கொடுத்தார்கள். தொண்டைப் புற்றில் அது நன்மை செய்ததாக 1998-இல் வெளியான ஆய்வு கூறிற்று. காற்றற்ற அணுக்களையே தேடிக் கொல்லும் டிராபாசமைன் என்னும் மருந்து நுரையீரல் புற்றில் முதலில் நம்பிக்கை தந்தது. 2005-இல் வெளியான பெரிய ஆய்வு அதில் நன்மை இல்லை என்று காட்டிற்று.

நாளம் வளர்க்கும் புரதத்தைத் தடுக்கும் பெவசிசுமாப் என்னும் மருந்தை 878 நோயாளிகளிடம் செய்த ஆய்வில் சோதித்து 2006-இல் முடிவு வெளியிட்டனர். வழக்கமான மருந்தோடு இதையும் பெற்றவர்களின் நடு வாழ்நாள் 10.3 மாதத்திலிருந்து 12.3 மாதமாக உயர்ந்தது. இரண்டு மாதம்தானா என்று எண்ணலாம். ஒரு குடும்பத்துக்கு அது ஒரு கிறிஸ்து பிறப்பு விழாவாக இருக்கலாம். ஒரு மகளின் தேர்வு முடிவாக இருக்கலாம். ஹிஃப் இனத்துப் புரதம் ஒன்றையே நேராகத் தடுக்கும் பெல்சுட்டிஃபான் என்னும் மருந்து, 2023-இல் அமெரிக்காவில் முற்றிய சிறுநீரகப் புற்றுக்கும் ஏற்கப்பட்டது. நுரையீரலுக்கு அத்தகைய மருந்து இனிமேல்தான் வர வேண்டும்.

தோல்வி ஒன்றையும் நாம் அறிதல் நலம். இரத்தத்தைப் பெருக்கினால் கட்டிக்குக் காற்று கிடைக்கும், கதிர் நன்கு வேலை செய்யும் என்று எண்ணி, தலை, கழுத்துப் புற்றுடையோருக்கு எரித்ரோபொயட்டின் ஊசியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2003-இல் வெளிவந்த முடிவு அதிர்ச்சி தந்தது. இரத்தம் ஏறியது உண்மை. ஆனால் நோய் கட்டுப்படுவது குறைந்தது. எண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சோதனையே இறுதித் தீர்ப்பு வழங்கும் என்பது இதனால் நாம் பெறும் பாடம்.

ஏமாறலாகாது

இந்த இடத்தில் பெற்றோர்கள் உற்றுக் கவனிக்க வேண்டுகிறோம். "புற்றுநோய்க்குக் காற்றுக் குறைவே காரணம், ஆகவே ஆக்ஸிஜன் கலந்த நீரைக் குடித்தால் போதும், மூச்சுப் பயிற்சி ஒன்றாலேயே கட்டி கரையும்" என்று கூறி விற்பனை செய்வோர் உண்டு. இது ஏன் பொய் என்பதை மேலே கண்ட பாடத்தைக் கொண்டே நாம் விளக்கலாம்.

நலமுள்ள ஒருவரின் தமனி இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏற்கெனவே நூற்றுக்கு 97 பங்கு நிறைந்தே இருக்கிறது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றினால் வழியுமே அன்றி நிறையாது. குறை குடத்தில் இல்லை. கட்டிக்குள் செல்லும் வழியில் இருக்கிறது. குடித்த நீரிலுள்ள பிராணவாயு வயிற்றைக் கடந்து அந்தக் கடைமடைக்குப் போவதில்லை. மூச்சுப் பயிற்சி மனத்துக்கும் உடலுக்கும் அமைதி தரும். அதை மருத்துவத்தோடு சேர்த்துச் செய்யலாம், மருத்துவத்துக்குப் பதிலாகச் செய்யலாகாது. இத்தகைய பேச்சை நம்பிக் கழிக்கும் மாதங்களில்தான் அறுத்தெடுக்கக்கூடிய கட்டி அறுக்க முடியாததாகிறது.

புகை செய்யும் இரட்டைக் கொடுமை

புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950-லேயே இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் தெளிவாகக் காட்டினர். புகை நோயை உண்டாக்குவதோடு நிற்கவில்லை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. மிகுதியாகப் புகைப்போரின் ஹீமோகுளோபினில் நூற்றுக்கு 10 பங்கு வரை இந்த நச்சுவாயு ஆக்கிரமித்துவிடுகிறது. பிராணவாயு ஏற வேண்டிய வண்டியில் வேறொருவன் ஏறி அமர்ந்துவிடுகிறான்.

"நோய்தான் வந்துவிட்டதே, இனி பீடியை விட்டு என்ன பயன்?" என்று கேட்பவர்க்கு இதோ விடை. புகையை நிறுத்தினால் இரத்தத்திலுள்ள நச்சுவாயுவில் பாதி சுமார் 4 முதல் 6 மணி நேரத்தில் நீங்குகிறது. ஓரிரு நாளில் பெரும்பகுதி போய்விடுகிறது. அவ்வண்டியில் மீண்டும் பிராணவாயு ஏறுகிறது. நோய் வந்த பிறகும் புகையை விடுவது பயனுள்ளதே. 

புகையே பிடிக்காத பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. பிறர் விடும் புகையும், காற்று மாசும் காரணங்களுள் அடங்கும். வீட்டுக்குள் நிலக்கரி எரிக்கும் புகை புற்றை உண்டாக்குவது என்றும், விறகுப் புகை உண்டாக்கக்கூடும் என்றும் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. புகைபோக்கியும் சாளரமும் இல்லாத அடுக்களை தாய்மார்களுக்குப் பகை.

நாம் செய்யக் கூடியவை

நம் நாட்டில் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைத்தல் தடை செய்யப்பட்டுள்ளது. சட்டம் தெருவில் செய்வதை அன்பு வீட்டில் செய்ய வேண்டும். தந்தையிடமும் மாமாவிடமும் அண்ணனிடமும் ஒரு மகளோ மருமகளோ தங்கையோ பணிவோடு கேட்கும் சொல்லுக்கு வலிமை உண்டு.

மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு இவற்றைக் கண்டால் உடனே மருத்துவரை நாட வேண்டும். பெரும்பாலும் அது புற்றாக இராது. காசநோயாக இருக்கலாம், அதற்கும் நல்ல மருந்து உண்டு. ஆனால் காசநோய் என்று எண்ணி மருந்துண்டும் குணம் காணாவிடில், மறு சோதனை கேட்கத் தயங்கலாகாது.

சிகிச்சையில் இருப்போர் தவணை தவறாமல் சென்று வர நாம் துணை நிற்போம். உடன் செல்ல ஒருவர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், வேளைக்கு உணவு சமைத்துத் தர ஒருவர் என்று ஊரார் பங்கிட்டுக்கொண்டால் முப்பது நாளும் பாரமாகத் தோன்றாது. பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள். அதே திங்கள் 11-ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளில், திருச்சபை உலக நோயாளர் நாளைக் கொண்டாடுகிறது. அந்நாள்களில் நோயுற்றோருக்காகச் செபிப்போம். செபித்துவிட்டு அவர்கள் வீட்டுக் கதவையும் தட்டுவோம்.

நாம் எண்ணாமலே ஒவ்வொரு நிமிடமும் மூச்சு வந்து போகிறது. அந்த மூச்சு கடைசி அணு வரை சென்று சேர்வதே உடலின் நலம். ஒரு வீட்டிலும் ஓர் ஊரிலும் அன்பும் அறிவும் அவ்வாறே கடைமடை வரை சென்று சேர வேண்டும். காற்றைப் படைத்த இறைவன் அதற்கு நமக்கு அருள்வாராக!